கடற்கண்ணியும் மனிதக் கட்டுப்பாடும்: 1907ஆம் ஆண்டு ஹேக் சமவாயம் பற்றிய ஒரு நோக்கு

இயந்திரமொன்று தன் இலக்கைத் தானே தெரிந்து தானே தாக்குதல் அறமாகுமா என்னும் வினா, செயற்கை நுண்ணறிவோடு பிறந்த புதியதொரு வினாவாகவே பெரிதும் கருதப்படுகின்றது. 2014ஆம் ஆண்டு முதல் ஜெனீவாவில் நடைபெற்ற பேச்சுவார்த்தைகள் பற்றி எழுந்த எழுத்துக்கள் பலவும், தன்னியக்கப் படைக்கலத்தை இனி வரவிருக்கும் ஓர் ஆபத்தாகவே சித்திரித்தன. வரலாறு பயில்வோர் இக்கூற்றை அவ்வாறே ஏற்றுக்கொள்ளல் இயலாது. தன்னைத் தொட்டவன் யாவன் என வினவாது கொல்லும் கருவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வழக்குக்கு வந்துவிட்டது. அதனைச் சட்டத்தாற் கட்டுப்படுத்த எடுக்கப்பட்ட முதல் முயற்சி 1907ஆம் ஆண்டில் ஹேக் நகரிற் கூடிய இரண்டாவது சமாதான மகாநாட்டில் நிகழ்ந்தது. 44 நாடுகளின் பிரதிநிதிகள் யூன் 15 முதல் ஒக்டோபர் 18 வரை கூடியிருந்து ஆக்கிய 13 சமவாயங்களுள், தானியங்கும் கடலடித் தொடுகைக் கண்ணிகளை இடுதல் பற்றிய எட்டாவது சமவாயமே இவ்வகையில் முதன்மை பெறுவது. சர்வதேசச் சட்ட நூல்களில் ஓரிரு பக்கங்களுடன் கடந்து செல்லப்படும் இச்சமவாயம், இன்றைய விவாதத்தின் மையச் சொல்லையே அன்று முதன்முதலில் எழுத்தில் வைத்தது என்பது கவனிக்கற்பாலது.

கடற்கண்ணியின் அமைப்பு எளிமையானது. நீர் புகாத இரும்புக் கலமொன்றினுள் வெடிமருந்து நிரப்பப்படும். கலத்தின் மேற்புறத்தில் ஈயத்தாலான கொம்புகள் சில நீட்டிக்கொண்டிருக்கும். கொம்பினுள் அமிலம் அடைத்த கண்ணாடிக் குழலொன்று உண்டு. கப்பலின் அடிப்பாகம் முட்டியதும் ஈயம் வளையும், குழல் உடையும், அமிலம் மின்கலத்தை உயிர்ப்பிக்க, அதிலிருந்து பிறக்கும் மின்னோட்டம் வெடியைத் தூண்டும். இக்கொம்புமுறை 1868ஆம் ஆண்டளவில் ஜெர்மனியிலே உருவாயிற்று. அதற்கு முன்னரே, கிரிமியப் போர்க் காலத்தில், ரஷ்யர் பால்டிக் கடலிற் கண்ணிகளை இட்டிருந்தனர். 1855ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேர்லின் என்னும் பிரித்தானியக் கப்பல் அவற்றில் மோதிச் சிறு சேதத்துடன் தப்பியது. டைனமைற்றைக் கண்ட அல்பிரட் நோபலின் தந்தை இம்மானுவேல் நோபல் அக்கண்ணிகளின் ஆக்கத்திற் பங்கு கொண்டவர்.

அக்காலத்திலேயே கண்ணிகள் இரு வகைப்பட்டிருந்தன. ஒன்று, கரையிலிருந்து கம்பி மூலம் இயக்கப்படுவது. துறைமுக வாயிலைக் கண்காணித்திருப்பவன், வருவது பகைக் கப்பல் எனக் கண்டால் மின்சாவியை அழுத்துவான். நட்புக் கப்பலாயின் வாளாவிருப்பான். மற்றையது, காவலாள் எவரும் வேண்டாத தொடுகைக் கண்ணி. இரண்டும் ஒரே வெடிமருந்தைக் கொண்டவை. ஒரே அளவில் அழிப்பவை. முன்னையதிற் கொல்வது என்னும் தீர்மானம் கொல்லும் கணத்தில் எடுக்கப்படுகின்றது. பின்னையதில் அது நாட்களுக்கோ மாதங்களுக்கோ முன்னரே, யாரென்று அறியப்படாத ஒருவர்மீது எடுத்து வைக்கப்பட்டு விடுகின்றது. 1907ஆம் ஆண்டுச் சமவாயம் முன்னைய வகையைத் தொடவேயில்லை. தானியங்கும் கண்ணியை மட்டுமே அது தன் பொருளாகக் கொண்டது. அழிவின் அளவைப் பாராது, அழிவுக்கும் மனிதத் தீர்மானத்துக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கொண்டு படைக்கலமொன்று வகைப்படுத்தப்பட்டமை சட்ட வரலாற்றில் ஒரு புதுமை எனலாம்.

இச்சமவாயத்தின் பின்னணி 1904–1905 ரஷ்ய–யப்பானியப் போராகும். போர் தொடங்கிய சில நாட்களுக்குள், 1904 பெப்ரவரி 11ஆம் திகதி, யெனிசேய் என்னும் ரஷ்யக் கண்ணியிடு கப்பல் தானே இட்ட கண்ணியில் மோதி மூழ்கியது. ஏப்ரல் 13ஆம் திகதி ரஷ்யப் பசுபிக் கடற்படையின் தலைமைக் கப்பலான பெத்ரோபவ்லோவ்ஸ்க் ஆர்தர் துறைக்கு அண்மையில் யப்பானியக் கண்ணியாற் சிதறியது. அறுநூற்றுக்கு மேற்பட்டோருடன் தளபதி மக்கரோவ் மாண்டார். போரின் கொடுமையை மண்டையோட்டுக் குவியலாகத் தீட்டிப் புகழ்பெற்ற ஓவியர் வெரெஷ்சாகினும் அக்கப்பலிலேயே உயிர் நீத்தார். மே 15ஆம் திகதி நிலைமை மாறியது. முந்திய நாள் ரஷ்யர் இட்ட கண்ணிகளில் ஹட்சுசே, யஷிமா ஆகிய யப்பானியப் போர்க்கப்பல்கள் இரண்டும் ஒரே நாளில் அழிந்தன. பல்லாயிரம் தொன் எடையுள்ள கப்பல்களை விலை குறைந்த இரும்புக் கலங்கள் விழுங்கின. அக்கண்ணிகள் அன்று வழக்கிலிருந்த மூன்று கடல்மைல் எல்லைக்கு அப்பால், எல்லாருக்கும் பொதுவான கடலில் இடப்பட்டிருந்தமை சட்ட வல்லுநரிடையே பெரும் சர்ச்சையைத் தோற்றுவித்தது.

எனினும் ஹேக் மகாநாட்டை உலுக்கிய செய்தி போர்க்கப்பல்களைப் பற்றியதன்று. நங்கூரம் அறுந்த கண்ணிகள் நீரோட்டத்துடன் மிதந்து சீனக் கரையோரக் கடல்களிற் பரவின. சீனா அப்போரிற் பங்கு கொள்ளாத நாடு; ஆயின் போர் நிகழ்ந்த மண்ணும் கடலும் பெரும்பாலும் சீனாவினுடையவை. கரையோர வணிகப் படகுகளும் மீன்பிடி ஓடங்களும் அக்கண்ணிகளில் மோதின. இயன்ற முன்னெச்சரிக்கைகள் யாவும் எடுக்கப்பட்டும் ஐந்நூறு முதல் அறுநூறு வரையான தம் நாட்டவர் மாண்டனர் எனச் சீனப் பிரதிநிதி மகாநாட்டில் எடுத்துரைத்தார். போர் முடிந்து சமாதான உடன்படிக்கையும் கைச்சாத்தான பின்னரும் அச்சாவுகள் ஓயவில்லை. சமாதானம் ஏற்பட்டது என்பதைக் கண்ணிக்கு அறிவிப்பார் எவருமிலர்.

கண்ணிக்கெதிராக வலுவான பிரேரணையைக் கொண்டுவந்தது பிரித்தானியா. நங்கூரமிடாத கண்ணிகளை முற்றாகத் தடைசெய்தல், நங்கூரமிட்டவற்றைக் கரையோர எல்லைக்குள் அடக்குதல் என்பன அதன் நோக்கங்களாயிருந்தன. இதனைத் தூய மனிதாபிமானம் எனக் கொள்ளுதல் பேதைமையாகும். உலகின் மிகப் பெரிய கடற்படையும் வணிகக் கப்பற்றொகுதியும் உடைய நாட்டுக்குக் கண்ணியைப் போல் வெறுப்பூட்டும் படைக்கலம் பிறிதில்லை. அவ்வாறே, அதனை எதிர்த்த ஜெர்மனியின் வாதத்திலும் தன்னலம் மறைந்திருந்தது. கடற்படை வலுவற்ற நாடுகளுக்குத் தம் கரையைக் காத்துக்கொள்ள இதைவிட மலிவான வழி யாது என்னும் வினாவும் அங்கு எழுந்தது. அவ்வினாவுக்கு வல்லரசுகள் எவையும் நேர்மையான விடை கூறவில்லை. இன்றைய ஜெனீவாவிலும் கூறப்படுவதாகத் தெரியவில்லை.

இறுதியில் எட்டப்பட்ட இணக்கம் முதலாம் உறுப்புரையில் அமைந்தது. நங்கூரமிடாத தொடுகைக் கண்ணிகளை இடுதல் விலக்கப்பட்டது. ஆயின் அவற்றை இட்டவர் அவற்றின்மீதான கட்டுப்பாட்டை இழந்து ஒரு மணித்தியாலத்துக்குள் தீங்கற்றனவாக மாறும்படி அவை ஆக்கப்பட்டிருப்பின் அவ்விலக்கு இல்லை. நங்கூரமிட்ட கண்ணி கட்டறுந்தவுடன் செயலற்றதாதல் வேண்டும். இலக்குத் தவறிய டோர்ப்பிடோவும் அவ்வாறே செயலற்றதாதல் வேண்டும். ஈண்டு 'கட்டுப்பாடு' என்னும் சொல் சமவாயத்தின் மூலவாசகத்திலேயே உள்ளது. 2013ஆம் ஆண்டின் பின்னர் ஆயுதக் குறைப்பு அரங்குகளில் ஓயாது ஒலித்த 'பொருளுள்ள மனிதக் கட்டுப்பாடு' என்ற தொடரின் மூதாதை இதுவேயாகும். கட்டுப்பாடு நீங்கிய பின் கருவி எத்துணை நேரம் கொல்லும் ஆற்றலுடன் இருக்கலாம் என்ற வினாவுக்கு அன்றைய சட்டவாக்குநர் ஓர் எண்ணையே விடையாக அளித்தனர். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு அறிவியல் அடிப்படையோ அறவியல் அடிப்படையோ இருந்ததெனக் கூறுதல் கடினம்; அது பேரம் பேசிப் பெற்ற எண். ஆயினும் எண்ணொன்று எழுதப்பட்டது. பிற்காலத்து வரைவுகளின் 'தகுந்த', 'போதிய' என்னும் அடைமொழிகளோடு ஒப்பிடுகையில் அதன் துணிவு புலப்படும்.

சமவாயத்தின் குறைபாடுகள் பல. எதிரியின் துறைமுகங்களுக்கு முன் வணிகக் கப்பல்களைத் தடுப்பதை மட்டுமே நோக்கமாகக் கொண்டு கண்ணியிடலாகாது என்றது இரண்டாம் உறுப்புரை. வேறொரு நோக்கமும் உண்டென்று கூறிவிட்டால் அத்தடை கரைந்துவிடும். அவ்வளவு மெலிந்த ஏற்பாட்டையும் ஜெர்மனியும் பிரான்சும் ஏற்க மறுத்து ஒதுக்கீடு செய்தன. போரில் ஈடுபட்ட நாடுகள் யாவும் சமவாயத்தில் இணைந்திருந்தாலன்றி அது எவரையும் கட்டுப்படுத்தாது எனவும் விதிக்கப்பட்டது. ரஷ்யா கைச்சாத்திடவேயில்லை.

இக்குறைகளை நன்குணர்ந்தே பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஏர்ணெஸ்ற் சற்றோ மகாநாட்டின் இறுதிக் கட்டத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். சமவாயம் வெளிப்படையாகத் தடுக்கவில்லை என்ற காரணம் ஒன்றினாலேயே ஒரு செயல் நியாயமானது எனக் கொள்ளலாகாது என்பது அதன் சாரம். ஜெர்மனியின் பிரதிநிதி மார்ஷல் வொன் பீபர்ஸ்ரைன் அதற்கு மறுமொழி கூறினார். போர்ச்செயல்களை ஆள்வது சட்டம் மட்டுமன்று. மனச்சாட்சியும் நல்லறிவும் மனிதகுலத்துக்குரிய கடமையுணர்வுமே கடலோடிகளின் நடத்தைக்கு உறுதியான வழிகாட்டிகள் என்பது அவர் வாதம். கேட்போரை மகிழ்விக்கும் பேச்சு அது. ஆயின் விவாதத்துக்குரிய பொருள் கடலோடியன்று, கண்ணி. மாலுமியின் மனச்சாட்சி கண்ணியை நீரில் இறக்கும் வரையிலேயே செயற்படும், அதன்பின் கப்பல் முட்டும் கணத்தில் அவன் நூறு மைலுக்கு அப்பால் உறங்கிக்கொண்டிருக்கலாம், இறந்தும் இருக்கலாம். மனச்சாட்சியைத் துணைக்கழைத்த அவ்வாதம், மனச்சாட்சி இல்லாத இடத்தையே பாதுகாத்தது. படையினரின் நற்பண்பையும் தளபதியின் பொறுப்பையும் எடுத்துக்காட்டிப் புதிய சட்டம் வேண்டாம் என நூறாண்டுக்குப் பின்னர் ஜெனீவாவில் முன்வைக்கப்பட்ட வாதங்கள் இதிலிருந்து அதிகம் வேறுபட்டனவல்ல.

1914ஆம் ஆண்டு ஓகஸ்டில் முதலாம் உலகப் போரில் பிரித்தானியா நுழைந்த மறுநாளே ஜெர்மனியக் கப்பல் ஒன்று வடகடலிற் கண்ணிகளை இட்டது. அவற்றில் மோதி அம்பியன் என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல் ஓகஸ்ட் 6ஆம் திகதி அழிந்தது. ஹேக்கில் கண்ணியை எதிர்த்த பிரித்தானியாவும் விரைவிலேயே மனம் மாறியது. 1918ஆம் ஆண்டில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஓர்க்னித் தீவுகளுக்கும் நோர்வேக்கும் இடையே ஏறத்தாழ 70,000 கண்ணிகளால் ஒரு வேலியே அமைத்தன. கட்டறுந்ததும் செயலிழக்கும் எனச் சமவாயம் எதிர்பார்த்த கண்ணிகள் பல, உயிர்ப்புடனேயே கரையொதுங்கின. 'திருத்தமுற்ற கண்ணி' என்பது 1907இல் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திய ஒரு தொழினுட்ப வாக்குறுதியாகும். படைக்கலத்தைத் துறக்க வேண்டியதில்லை, செம்மைப்படுத்தினாற் போதும் என்ற அவ்வாக்குறுதி, மேலும் நுண்ணிய கணனியே மேலும் அறவழிப்பட்ட படைக்கலம் என்ற வடிவில் மீண்டும் ஒலித்தது.

இதனாற் சமவாயம் பயனற்றுப் போயிற்று எனல் பொருந்தாது. 1946 ஒக்டோபர் 22ஆம் திகதி அல்பேனியாவின் கோர்பூ நீரிணையில் இரு பிரித்தானியக் கப்பல்கள் கண்ணிகளில் மோதி நாற்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்ட வழக்கில், சர்வதேச நீதிமன்றம் 1949இல் தீர்ப்பளித்தது. எட்டாம் சமவாயம் போர்க்காலத்துக்கே உரியது என்பதை ஏற்ற நீதிமன்றம், எச்சரிக்கும் கடமையைச் சமாதான காலத்தில் இன்னும் கடுமையாக வலியுறுத்தும் மனிதாபிமானத்தின் அடிப்படைக் கருத்துகளின்மீது நிறுவியது. நிக்கராகுவாத் துறைமுகங்களில் அறிவித்தலின்றிக் கண்ணியிட்ட அமெரிக்காவுக்கெதிரான 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதே வழியைப் பின்பற்றியது. வலுவற்றதாகப் பிறந்த சமவாயமொன்று தன் வாசகத்துக்கு அப்பால் வளர்ந்ததற்கு இவை சான்றுகள்.

தரையில் இத்தகைய சட்டம் தோன்ற மேலும் பல தசாப்தங்கள் சென்றன. 1980ஆம் ஆண்டின் மரபுவழிப் படைக்கலச் சமவாயத்தின் இரண்டாம் நெறிமுறை கண்ணிவெடிகளுக்குச் சில வரையறைகளை விதித்தது. 1997ஆம் ஆண்டின் ஒட்டாவாச் சமவாயம் மிதிவெடியை முற்றாகத் தடைசெய்தது. பின்னையதன் வரைவிலக்கணம் கூர்ந்து நோக்கற்பாலது. ஆளின் வருகையாலோ அண்மையாலோ தொடுகையாலோ வெடிக்குமாறு அமைந்ததையே அது தடைசெய்கின்றது. ஒருவர் கண்டு இயக்கும் கிளேமோர் வகை வெடி அத்தடைக்குள் அடங்காது. கம்பிக் கண்ணிக்கும் தொடுகைக் கண்ணிக்கும் இடையே 1907இல் வரையப்பட்ட கோடு தரையிலும் அவ்வாறே வரையப்பட்டுள்ளது.

அக்கோட்டின் பொருளை இலங்கையர்க்கு நூல்கள் வாயிலாக விளக்க வேண்டியதில்லை. போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிவுற்றது. முகமாலையின் மிதிவெடிகளுக்கு அது முடியவில்லை. முன்னரங்குகளைக் காக்க இடப்பட்டவை, அரங்குகள் கலைந்த பின்னரும் மணலின் கீழ்க் காத்திருந்தன. மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி அவற்றை அகற்றும் பணியில் ஆண்டுக்கணக்காக ஈடுபட்டோரில் அப்பகுதிப் பெண்கள் பலர். இலங்கை ஒட்டாவாச் சமவாயத்தில் 2017 டிசெம்பரில் இணைந்தது. அதற்கு மாறாக 2025ஆம் ஆண்டில் எஸ்தோனியா, லற்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியன விலகும் அறிவித்தலைக் கொடுத்தன. அச்சமுற்ற நாடு மலிவான காவலாளியைத் தேடும் என்பதை 1907ஆம் ஆண்டு விவாதத்தைப் படித்தோர் எதிர்பார்த்தேயிருப்பர்.

தொடுகையை மட்டும் உணர்ந்த கருவி படிப்படியாகக் கேட்கவும் பார்க்கவும் கற்றது. 1943ஆம் ஆண்டில் ஜெர்மனியர் பயன்படுத்திய ஸௌன்கேனிக் என்னும் டோர்ப்பிடோ கப்பற் சுழலியின் ஒலியைத் தேடிச் சென்றது. அதனை ஏவிய நீர்மூழ்கி உடனே ஆழத்துக்கு இறங்கி ஓசையடக்கி இருத்தல் வேண்டும் என்பது கட்டளை. ஏவியவனையே அது தேடி வரலாம் அன்றோ? நேச நாட்டார் ஒலியெழுப்பும் கருவியொன்றைக் கப்பலின் பின் கட்டியிழுத்து அதனை ஏமாற்றினர். 1979ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கடற்படையிற் சேர்ந்த கப்ரர் என்னும் கண்ணி, கடலடியிற் கிடந்து கேட்டு, மேற்பரப்புக் கப்பலை விட்டு நீர்மூழ்கியை மட்டும் தெரிந்து, அதன்மீது டோர்ப்பிடோவை ஏவுவது. கண்ணியும் தன்னியக்கப் படைக்கலமும் ஒன்றாகும் இடம் இதுவே. கொம்பு முட்டுவதற்கும் ஒலிக்கோலம் பொருந்துவதற்கும், இன்று படச்சட்டகமொன்றில் உருவம் பொருந்துவதற்கும் இடையே நுண்மையில் வேறுபாடுண்டு, அமைப்பில் இல்லை. முன்கூட்டி வரைந்த ஒரு மாதிரியோடு ஏதோ ஒன்று பொருந்துகின்றது, கருவி செயற்படுகின்றது.

மனிதன் இடையே நின்றால் யாவும் சரியாகிவிடும் என்பாரும் உளர். 1988 யூலை 3ஆம் திகதி வின்சென்ஸ் என்னும் அமெரிக்கக் கப்பல் ஈரானிய பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 290 பேரைக் கொன்றபோது, விமானம் மேலேறுகின்றது எனக் கணனித் தொகுதி சரியாகவே பதிந்திருந்தது. இறங்கி வருகின்றது என மனிதரே பிறழ உணர்ந்தனர். 2003 மார்ச் 23ஆம் திகதி, தளம் திரும்பிய பிரித்தானிய ரொர்னாடோ விமானத்தை ஏவுகணை எனப் பேட்றியற் தொகுதி வகைப்படுத்தியது. இயக்குநருக்குக் கிடைத்தது ஒரு நிமிடமளவே. விமானியர் இருவர் மாண்டனர். 1983 செப்ரெம்பர் 26ஆம் திகதியோ, அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாகச் சோவியத் எச்சரிக்கைத் தொகுதி அறிவித்தபோது, அதிகாரி ஸ்ரனிஸ்லாவ் பெத்ரோவ் அதனை நம்ப மறுத்தார். முகில்களில் தெறித்த சூரிய ஒளியே அவ்வேவுகணைகள். இம்மூன்றையும் சேர்த்து நோக்கின், மனிதன் அருகிருப்பது மட்டும் கட்டுப்பாடாகாது என்பது தெளிவு. ஐயுறுவதற்கு நேரமும், ஐயுறும் உரிமையும், மறுக்கும் துணிவும் வேண்டும். பெத்ரோவுக்கு அவை ஓரளவேனும் வாய்த்திருந்தன. பேட்றியற் இயக்குநருக்கு அவை தொகுதியின் வேகத்தாலேயே மறுக்கப்பட்டிருந்தன.

மறுத்தல் பற்றிப் பேசுகையில் இலங்கையரான நீதியரசர் சி. ஜி. வீரமந்திரியை நினைவுகூர்தல் தகும். அணுப்படைக்கலம் பற்றிய 1996ஆம் ஆண்டு ஆலோசனைக் கருத்தில் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, பொதுமக்களின் மனச்சாட்சியைச் சட்டத்தின் ஊற்றாக ஏற்கும் 1899ஆம் ஆண்டு மார்ட்டென்ஸ் வாசகத்தை விரிவாக ஆராய்ந்தது. இராமாயணத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். பகைக்குலம் முழுவதையும் படையேந்தாதாரையும் சேர்த்தழிக்கும் படைக்கலத்தை இலக்குவன் கையாளலாகாது என இராமன் தடுத்த செய்தி அது. அவர் எடுத்துக்கொண்ட பொருள் அழிவின் அளவு. ஆயினும் அக்கதைக்குள் மற்றொரு செய்தியும் உண்டு. தடுக்கும் சொல்லைக் கேட்கக்கூடிய ஒருவன் கையில் அப்படைக்கலம் இருந்தது.

2023 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை தன்னியக்கப் படைக்கலம் பற்றிய தனது முதலாவது தீர்மானத்தை 152 வாக்குகளால் நிறைவேற்றியது. ரஷ்யாவும் இந்தியாவும் உட்பட நான்கு நாடுகள் எதிர்த்தன. ஜெனீவா நிபுணர் குழுவின் பணி 2026ஆம் ஆண்டு மீளாய்வு மகாநாட்டைக் குறியாகக் கொண்டு வரையறுக்கப்பட்டது.

எட்டாம் சமவாயத்துக்கும் அத்தகைய தவணையொன்று இருந்தது. அதன் ஆயுள் முதலில் ஏழாண்டுகள். அவை முடிவுற ஆறு மாதங்களுக்கு முன், மூன்றாவது சமாதான மகாநாடு இவ்விடயத்தை அதற்குள் தீர்த்திராவிடின், கண்ணிப் பிரச்சினையை மீண்டும் ஆராய நாடுகள் உறுதி பூண்டிருந்தன. சமவாயம் 1910 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தமையால் அத்தவணை 1916 யூலையில் வந்தது. அதற்கு ஒன்றரை மாதத்துக்கு முன், யூன் 5ஆம் திகதி, பிரித்தானியப் போரமைச்சர் கிச்சனர் ரஷ்யாவுக்குப் புறப்பட்ட ஹம்ப்ஷயர் என்னும் கப்பல் ஓர்க்னிக்கு அண்மையில் மூழ்கியது. மே மாத இறுதியில் அங்கு கண்ணியிட்டுச் சென்ற ஜெர்மனிய நீர்மூழ்கியிலிருந்த எவருக்கும் அவ்வழியே யார் வருவார் என்பது தெரியாது. மூன்றாவது சமாதான மகாநாடு கூடவேயில்லை.